ரஜூலாவும் ரோனாவும்

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வாழும் முதிய தமிழர்களிடம் எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் வாயிலிருந்து வரும் பெயர் ரஜூலா. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும் கப்பல் அது. 1926இல் கடலில் இறங்கியது. 1973 வரை ஓடியது. தோட்டத்துக்குப் போன கூலிகள், வட்டிக்கடைக்குப் போன நகரத்தார், பெட்டிக்கடை வைக்கப் போன இராமநாதபுரத்து முஸ்லிம்கள், அரசு வேலைக்குப் போன எழுத்தர்கள், மணமாகிக் கணவனிடம் போன பெண்கள் என்று இரண்டு தலைமுறைத் தமிழர்களை அது அக்கரை சேர்த்தது. எத்தனையோ குடும்பங்களின் வரலாறு அந்தக் கப்பலின் பெயரோடுதான் தொடங்குகிறது.

ரஜூலாவுக்கு உடன்பிறந்த கப்பல் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் ரோனா. இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்துக்காக, ஏறக்குறைய ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை. ரஜூலா கிளாஸ்கோ நகரில் கிளைடு ஆற்றங்கரையில் பார்க்லே கர்ல் தளத்தில் உருவானது. ரோனாவை டைன் ஆற்றங்கரையில் ஹாதார்ன் லெஸ்லி தளத்தார் கட்டினார்கள். இரண்டும் ஒரே தடத்தில் ஓடின. போர் வந்தபோது இரண்டுமே படைவீரர்களைச் சுமக்கப் போயின. ரஜூலா திரும்பி வந்தது. ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலின் அடியில் போய்ச் சேர்ந்தது. அதை மூழ்கடித்த ஆயுதம் இன்றைய ஏவுகணைகளின் முன்னோடி.

இந்த இரண்டு கப்பல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகிறது. எந்தப் பொறியியல் முடிவுகள் ரஜூலாவை ஏழைகளின் கப்பலாக ஆக்கினவோ, அவையேதான் போரில் ரோனாவைக் குறிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தின. மெதுவான வேகம், நெருக்கமான தளங்கள், எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்காத உயிர்காப்பு ஏற்பாடு: மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் உரிமையாளர். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் எதிர்த்து நின்றது இந்த நிறுவனத்தைத்தான். கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கிச் சுதேசிக் கப்பலை நொடிக்க வைத்தவர்கள் இவர்கள். 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே அஞ்சல் சுமக்கத் தொடங்கிய நிறுவனம், இருபதாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடல் முழுவதையும் தன் தடமாக்கிக்கொண்டது. வ.உ.சி.யின் மக்களே பிறகு இவர்களுடைய கப்பல் ஒன்றின் பெயரைப் பாசத்தோடு சொல்லும்படி ஆனது. கப்பலை ஓட்டியவர்களை அவர்கள் நேசிக்கவில்லை. தங்களை ஊர் சேர்த்த கப்பலைத்தான் நேசித்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ரஜூலாவின் அளவு ஏறத்தாழ 8,500 டன் என்று பதிவேடுகள் சொல்லும். இந்த டன் எடையைக் குறிப்பதல்ல. கப்பலின் மூடிய உள்வெளியைக் கன அளவில் கணக்கிட்டு, 100 கன அடிக்கு ஒரு டன் என்று வைத்த கணக்கு அது. ஒரு டன் என்பது 2.83 கன மீட்டர். அப்படியானால் ரஜூலாவின் வயிற்றுக்குள் மொத்தம் சுமார் 24,000 கன மீட்டர் இடம். எந்திர அறையும் சரக்கு அறைகளும் பணியாளர் குடியிருப்பும் எல்லாம் இதற்குள்தான். அறையில் படுத்துப் போகும் மேல்வகுப்புப் பயணிகள் சில பத்துப் பேரே. மற்றவர்கள் எல்லாரும் டெக் பயணிகள். குறுகிய கடல் வழிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற இந்தக் கப்பலுக்கு அனுமதி இருந்தது. உலகில் மிகச் சில கப்பல்களுக்கே அவ்வளவு பெரிய எண்ணிக்கை அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

டெக் பயணி என்றால் கட்டில் கிடையாது, அறை கிடையாது. தளத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம். பெட்டியையும் மூட்டையையும் எல்லையாக வைத்துக் குடும்பம் படுத்துக்கொள்ளும். மேல்தளத்தில் இடம் பிடித்தவர்களுக்குக் காற்று கிடைக்கும். அலையும் மழையும் கூடவே வரும். கீழ்த்தளத்தில் வெக்கையும் எந்திரத்தின் அதிர்வும். சென்னையிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 1,300 கடல் மைல். நாலைந்து நாள் பயணம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வர முடியாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும்.

இவ்வளவு பேரைத் தளங்களில் நிரப்பினால் கப்பல் சாயாதா? பரிசலில் திடீரென எழுந்து நின்ற எவருக்கும் இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். கப்பலின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்து கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். நீர் கப்பலை மேல்நோக்கித் தள்ளுவதும் ஒரு புள்ளியின் வழியே. அது மிதப்பு மையம். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடல் கூடுதலாக நீருக்குள் போகிறது. மிதப்பு மையம் அந்தப் பக்கம் நகர்கிறது. நகர்ந்த இடத்திலிருந்து நீரின் தள்ளல் கப்பலை நிமிர்த்தப் பார்க்கும். ஈர்ப்பு மையம் போதிய அளவு கீழே இருக்கும்வரை இந்த நிமிர்த்தும் விசை வெல்லும். மேல்தளங்களில் எடை கூடக் கூட ஈர்ப்பு மையம் உயர்கிறது. நிமிரும் வலு குறைகிறது.

ஒரு கணக்குப் போடலாம். 12,000 டன் எடையுள்ள ஒரு கப்பல். அதன் நிமிர்வுத் திறனைக் குறிக்கும் உயரம் 0.6 மீட்டர் என்று கொள்வோம். கரை தெரிகிறது என்று தலா 60 கிலோ எடையுள்ள 2,000 பேர் எழுந்து ஆறு மீட்டர் தள்ளி ஒரே பக்கக் கம்பியில் போய் நிற்கிறார்கள். 120 டன் எடை ஆறு மீட்டர் இடம் மாறுகிறது. விளைவு, கப்பல் ஏறத்தாழ ஆறு டிகிரி சாயும். அது கப்பலைக் கவிழ்க்காது. ஆனால் தட்டில் உள்ள கஞ்சி வழியும், பெட்டிகள் நகரும். மோசமான கடலில் இன்னும் கவலை. துறைமுகம் நெருங்கும் நேரத்தில் பயணிகள் ஒரே பக்கம் கூடாமல் பார்த்துக்கொள்வது கப்பல் அதிகாரிகளுக்கு முக்கியமான வேலை. அடிவயிற்றில் கிடக்கும் சரக்கும் எரிபொருளும் இங்கே உதவிக்கு வருகின்றன. அவை ஈர்ப்பு மையத்தைக் கீழே பிடித்து வைக்கின்றன.

கவிழாமல் இருப்பது ஒன்று. மூழ்கினால் தப்புவது மற்றொன்று. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, கப்பலில் உள்ள அத்தனை பேருக்கும் படகில் இடம் வேண்டும் என்று உலகம் பேசத் தொடங்கியது. 1929இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் ஹஜ் பயணிகளையும் ஆசியக் கூலிகளையும் சுமக்கும் கப்பல்களுக்கு அதில் விலக்கு கேட்டார்கள், கொடுத்தார்கள். அவற்றுக்கென்று 1931இல் சிம்லாவில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. சிம்லா விதிகள் என்றே அவற்றுக்குப் பெயர். அட்லாண்டிக் கடக்கும் வெள்ளைக்காரப் பயணிக்கு ஓர் அளவுகோல். வங்காள விரிகுடா கடக்கும் தமிழனுக்கு இன்னொன்று. கட்டணம் குறைவாக இருக்க வேண்டுமென்றால் இப்படித்தான் என்று நியாயம் சொன்னார்கள். அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டணத்தில் தள்ளுபடி தரலாம், உயிரில் தரக்கூடாது.

இப்போது எந்திர அறைக்குப் போவோம். 1926இல் கப்பல்களுக்கு நீராவிச் சுழலி வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. டீசல் எந்திரமும் வந்துவிட்டது. ஆனாலும் ரஜூலாவுக்குப் பொருத்தியது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் பழைய வகை நீராவி எந்திரம்தான். அதன் சூட்சுமம் படிப்படியான விரிவு. வளிமண்டலத்தைப் போலப் பதினைந்து மடங்கு அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவி சுமார் 130 லிட்டர் இடத்தில் அடங்கும். அதையே சாதாரண வளிமண்டல அழுத்தத்துக்கு விட்டால் பதின்மூன்று மடங்கு வரை பெருகும். அந்தப் பெருக்கம்தான் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஒரே சிலிண்டரில் முழுவதும் விரிய விட்டால் சிக்கல்: நீராவி விரியும்போது குளிர்கிறது, சிலிண்டர் சுவரும் குளிர்கிறது, அடுத்த முறை உள்ளே வரும் சூடான நீராவி அந்தச் சுவரைச் சூடாக்குவதிலேயே வலுவில் ஒரு பங்கை இழந்து நீராகிவிடும்.

அதனால் விரிவைப் பங்கு போட்டார்கள். சிறிய சிலிண்டரில் கொஞ்சம், அதைவிடப் பெரியதில் கொஞ்சம், கடைசியில் மிகப் பெரியதில் மிச்சம். ரஜூலாவில் மூன்று கட்டம், ரோனாவில் நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் இரண்டு எந்திரங்கள், கப்பலை உந்தும் இரண்டு திருகு விசிறிகள். கடைசிச் சிலிண்டரை விட்டு வெளியேறும் நீராவியைக் கடல்நீர் ஓடும் குழாய்களின் மேல் படவிட்டு நீராக்குவார்கள். நீராவி நீராகும்போது இடம் சுருங்கி அங்கே வெற்றிடம் உருவாகும். அந்த வெற்றிடம் பிஸ்டனை இன்னொரு பக்கத்திலிருந்து இழுக்கும். அந்த நீர் மறுபடியும் கொதிகலனுக்கே போகும். கடலின் நடுவில் நல்ல நீர் விலைமதிப்புள்ளது. ஒரு சொட்டையும் வீணாக்கக் கூடாது. நீராவி எந்திரத்தின் உறுப்புகளைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கடல் இல்லாத ஊரில் கப்பலின் இதயத்தைப் புரிந்துகொள்ள அது நல்ல இடம். குழந்தைகளை அழைத்துப் போங்கள்.

பழைய எந்திரம் என்று குறை சொல்வதற்கில்லை. எளிதில் பழுது பார்க்கலாம், பல ஆண்டு உழைக்கும். ரஜூலா நாற்பத்தேழு ஆண்டு உழைத்தது. அதைவிட முக்கியம், அதற்கு வேகம் தேவைப்படவில்லை. மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் போதும். இங்கே இயற்பியலின் ஒரு கண்டிப்பான விதி குறுக்கிடுகிறது. கப்பலை நீரில் தள்ளத் தேவையான ஆற்றல், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். பயண நேரம் பாதியாகும். எரிபொருள் நான்கு மடங்காகும். 28 கடல் மைலுக்கு மேல் ஓடிய குவீன் மேரி போன்ற அட்லாண்டிக் கப்பல்கள் அந்தச் செலவைச் சீமான்களின் கட்டணத்தில் ஈடுகட்டின. தோட்டக் கூலியின் கட்டணத்தில் அது முடியாது. ஒருநாள் கூடுதலாகக் கடலில் இருந்தாலும் பரவாயில்லை, கட்டணம் குறைந்தால் போதும் என்ற கணக்கில் பிறந்தவை ரஜூலாவும் ரோனாவும்.

அமைதிக் காலத்தில் அது சரியான கணக்கு. போரில் அதே கணக்கு வேறு விடை தந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வங்காள விரிகுடாவைக் கடக்கும் பயணிகள் தடம் அறுந்தது. கணவன் அங்கே, மனைவி இங்கே. தந்தை அங்கே, பிள்ளைகள் இங்கே. கடிதமும் இல்லை, பணமும் இல்லை. மூன்றரை ஆண்டு அப்படி இருந்த குடும்பங்கள் தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் ஏராளம். அவர்களுடைய இரண்டு கப்பல்களும் அப்போது உலகின் வேறு கடல்களில் படைவீரர்களைச் சுமந்துகொண்டிருந்தன.

டெக் பயணிகளுக்காகக் கட்டிய கப்பலைப் படைக் கப்பலாக மாற்றுவது எளிது. விரிந்த தளங்கள் தயாராக இருக்கின்றன. ஊஞ்சல் படுக்கைகளைத் தொங்கவிட வேண்டியதுதான். ஆனால் வேகத்தை மாற்ற முடியாது. குவீன் மேரி தன் வேகத்தையே கவசமாகக் கொண்டு தனியாக ஓடியது. நீர்மூழ்கிகளால் அதை எட்டிப் பிடிக்க முடியவில்லை. 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்து அட்லாண்டிக்கைக் கடந்தது. பதின்மூன்று கடல் மைல் கப்பலுக்கு அந்தத் துணிவு இல்லை. அது கூட்டமாகப் போக வேண்டும். காவல் கப்பல்கள் சூழ வேண்டும். அந்தக் கூட்டம் வானிலிருந்து பார்ப்பவனுக்குப் பெரிய இலக்கு.

1943 நவம்பர் இறுதியில் ரோனா அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு கேஎம்எஃப்-26 என்ற கப்பல் கூட்டத்தில் சேர்ந்தது. கப்பலில் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான அமெரிக்கப் படைவீரர்கள். அவர்கள் போக வேண்டிய இடம் இந்தியா. சீனா–பர்மா–இந்தியா போர்முனையில் விமானத் தளங்கள் அமைக்கும் பொறியியல் படையினர் அவர்களில் கணிசமானவர்கள்.

அந்தப் போர்முனையின் பட்டறைகளுள் ஒன்று பெங்களூருவில் இருந்தது. இன்று எச்ஏஎல் என்று அழைக்கப்படும் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு தொடங்கியவர் வால்சந்த் ஹிராசந்த். அவர் அடிப்படையில் கப்பல்காரர். 1919 ஏப்ரல் 5 அன்று அவருடைய சிந்தியா நிறுவனத்தின் லாயல்டி என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் இந்தியா இன்றும் தேசியக் கடல்வழிப் போக்குவரத்து நாளாகக் கொண்டாடுகிறது. லாயல்டியும் அமைதியையும் போரையும் பார்த்த கப்பல்தான்: 1891இல் எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா என்ற பெயரில் பசிபிக் கடலில் ஓடத் தொடங்கி, முதல் உலகப் போரில் குவாலியர் மகாராஜா வாங்கி மருத்துவக் கப்பலாக்கி, பிறகு வால்சந்த் கைக்கு வந்தது. பெங்களூருத் தொழிற்சாலை 1943இல் அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் போனது. கடல்விமானங்களும் குண்டுவீச்சு விமானங்களும் அங்கே பழுது பார்க்கப்பட்டன. ரோனாவில் ஏறியவர்கள் அமைக்கவிருந்த தளங்களில் இறங்க வேண்டியவை இத்தகைய விமானங்கள்.

நவம்பர் 26, மாலை. அல்ஜீரியக் கரைக்கு வடக்கே ஜெர்மன் விமானங்கள் கூட்டத்தைத் தாக்கின. அவற்றில் ஹெயின்கெல் 177 ரகப் பெரிய விமானங்கள் சுமந்து வந்தது ஹென்ஷெல் எச்எஸ் 293 என்ற புதிய ஆயுதம். சுமார் ஒரு டன் எடை, 3.1 மீட்டர் இறக்கை அகலம், தலையில் ஏறத்தாழ 300 கிலோ வெடிமருந்து. பார்வைக்குச் சிறிய விமானம் போல் இருக்கும். விமானத்திலிருந்து விடுபட்டதும் அடியில் உள்ள ராக்கெட் பத்து விநாடி இயங்கி அதை முன்னே உந்தும். அந்த ராக்கெட்டில் நெருப்பு இல்லை. செறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடின் மேல் பெர்மாங்கனேட் கரைசல் படும்போது அது ஆக்சிஜனாகவும் கொதிக்கும் நீராவியாகவும் சிதைகிறது. அந்த நீராவியும் ஆக்சிஜனும் பின்னே சீற, குண்டு முன்னே பாய்கிறது. நீராவியால் ஓடிய கப்பலை நோக்கி வந்த குண்டையும் நீராவிதான் தள்ளியது.

ராக்கெட் நின்ற பிறகு குண்டு மிதந்து சறுக்கும். அதன் வாலில் ஒளிரும் சுடர் ஒன்று. விமானத்தில் உட்கார்ந்திருப்பவன் அந்தச் சுடரையும் கப்பலையும் ஒருசேரப் பார்த்தபடி, கையில் உள்ள சிறிய கட்டையை அசைப்பான். கட்டையின் அசைவு ரேடியோ அலையாகப் போகும். குண்டின் வாங்கி அதைக் கேட்டு இறக்கைத் துண்டுகளைத் திருப்பும். ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பல குண்டுகள் ஒரே நேரத்தில் குழம்பாமல் இருக்கப் பதினெட்டு தடங்கள். சாதாரணக் குண்டு போட்டவுடன் கையை விட்டுப் போய்விடும். இது கடைசி விநாடிவரை கைக்குள் இருக்கும். அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று பிஸ்கே விரிகுடாவில் எக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை இது மூழ்கடித்திருந்தது. வழிகாட்டப்பட்ட ஏவுகணை மூழ்கடித்த முதல் கப்பல் அதுதான்.

இந்த ஆயுதத்துக்குப் பலவீனமும் உண்டு. ஏவிய விமானம் குண்டு போய்ச் சேரும்வரை சீராகப் பறந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் எதிரியின் சண்டை விமானத்துக்கு அது எளிய இரை. கட்டளை ரேடியோ அலை என்பதால் அதே அலைவரிசையில் இரைச்சலைப் பாய்ச்சிக் குண்டின் காதை அடைக்கவும் முடியும். அமெரிக்கக் கடற்படை அந்த ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு காவல் கப்பல்களில் அதற்கான கருவிகளைப் பொருத்தத் தொடங்கியது. 1944இல் இத்தாலியக் கரையில் அந்தக் கருவிகள் நன்றாகவே பயன்பட்டன. இன்று போர்க்கப்பல்கள் நடத்தும் மின்னணுப் போரின் முன்னோடிகளுள் அவையும் உண்டு.

நவம்பர் 26 அன்று வீசிய குண்டுகளில் பெரும்பாலானவை தவறின. ஒன்று ரோனாவின் இடப்பக்கத்தில் எந்திர அறையை ஒட்டிப் பாய்ந்து உள்ளே வெடித்தது. மின்சாரம் போனது, நீர் இறைக்கும் பொறிகள் நின்றன, தீ பரவியது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்காப்புப் படகுகளில் பல வெடிப்பிலேயே நொறுங்கின. சிலவே நீரில் இறங்கின. இறங்கியவற்றிலும் பல கவிழ்ந்தன. கடலில் பெரிய அலை, இருட்டு நெருங்கிக்கொண்டிருந்தது, குளிர்ந்த நீர்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. வீரர்களுக்குக் கொடுத்திருந்த மிதவை இடுப்பில் கட்டும் பட்டை; அழுத்தினால் கரியமில வாயு நிரம்பி ஊதிக்கொள்ளும். கப்பலுக்குச் சொன்ன அதே விதி மனித உடலுக்கும் பொருந்தும். உடலை மேலே தள்ளும் விசை மார்புக்கு அருகே இருந்தால் தலை நீருக்கு மேலே நிற்கும். இடுப்பில் இருந்தால், கனமான மேலுடலும் நனைந்த உடுப்பும் சேர்ந்து ஆளைத் தலைகீழாகப் புரட்டிவிடும். பட்டை அவிழாமல் தலை நீருக்குள் அமிழ்ந்து இறந்தவர்களைத் தப்பியவர்கள் பார்த்திருக்கிறார்கள். பயோனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் இருட்டிலும் தேடி அறுநூறுக்கும் மேற்பட்டோரைத் தூக்கியது. ஆனாலும் 1,138 பேர் இறந்தார்கள். அவர்களில் 1,015 பேர் அமெரிக்கப் படையினர். எதிரியின் தாக்குதலால் கடலில் அமெரிக்கத் தரைப்படையினர் இவ்வளவு பேர் ஒரே கப்பலில் மாண்டது வேறு எப்போதும் இல்லை.

ஆயுதம் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று ஜெர்மானியருக்குத் தெரியக்கூடாது என்பதால் அமெரிக்க அரசு செய்தியை மூடியது. காணவில்லை என்று மட்டும் குடும்பங்களுக்குத் தந்தி போனது. போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் முழு உண்மை வெளிவரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டில்தான் ரோனாவில் இறந்தவர்களைப் போற்றித் தீர்மானம் நிறைவேற்றியது.

அந்த 1,138இல் மிச்சமுள்ள நூற்றுச் சொச்சம் பேர் யார்? பெரும்பாலும் இந்தியர்கள். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட கப்பல் தொழிலாளர்கள். கொதிகலனுக்குத் தீ மூட்டியவர்கள், தளம் கழுவியவர்கள், சமைத்தவர்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அன்று வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். தப்பிய படைவீரர்கள் சிலர், பணியாளர்கள் கடமையை விட்டு ஓடினார்கள் என்று பின்னாளில் குற்றம் சொன்னார்கள். எண்களைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. படைவீரர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மாண்டார்கள். கப்பல் பணியாளர்களில் பாதிக்கும் மேல் மாண்டார்கள். ஓடித் தப்பியவர்களின் கணக்கு அப்படி இருக்காது. குண்டு பாய்ந்தது எந்திர அறையை ஒட்டி. அங்கே அந்த நேரத்தில் வேலையில் இருந்தவர்கள் அவர்கள்தாம். படகு இறங்காததற்கு அவர்களைப் பழிப்பது அநியாயம். நீரில் சாய்ந்து, மின்சாரம் இழந்த கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைப் படகேற்றுவது எவராலும் இயலாத வேலை.

ரஜூலா பிழைத்தது. போர் முடிந்ததும் பழைய தடத்துக்கே வந்தது. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்தது. நாடுகள் விடுதலை பெற்று, கடவுச்சீட்டும் குடியேற்றச் சட்டமும் கடுமையானபோது, ஒரு கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களையும் அதுவே சுமந்தது. பயணிகளின் எண்ணிக்கை குறைந்தது, விமானம் வந்தது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி, அந்தமானில் உள்ள ஊரின் பெயரால் ரங்கத் என்று பெயர் மாற்றியது. 1974இல் பம்பாயில் உடைத்தார்கள். அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்து அத்தோடு முடிந்தது.

ரோனாவில் இறந்த அமெரிக்கர்களுக்கு அலபாமாவில் நினைவுச்சின்னம் இருக்கிறது. போரில் இறந்த இந்தியக் கப்பல் தொழிலாளர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்ட ஏடுகளில் உள்ளன. ரஜூலாவில் வந்த பயணிகளுக்கு அப்படி ஓர் ஏடு இல்லை. அவர்கள் வரலாறு பெட்டிகளின் அடியில் கிடக்கிறது: பயணச்சீட்டு, அம்மை குத்திய சான்று, பினாங்கில் எடுத்த படம், கப்பலேறிய நாளைக் குறித்த கணக்கு நோட்டு. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படி எடுத்து வையுங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை அணுகுங்கள். அந்தக் கப்பலில் பாய் விரித்துப் படுத்து வந்த பெரியவர் யாராவது இன்னும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.